லோடு பிரித்த புத்தகம்

பூமிக்குள் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம் போர் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் கம்ப்ரசர் சத்தத்தை வைத்தே கீழே துளை போடும் பிட்டு கடிப்பது கருங்கல்லா வெள்ளைக்கல்லா என்று சொல்பவன் எவன் என்று விசாரித்துப் பாருங்கள், என் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். துளைக்குள் இறக்குகிற இரும்பு ராடு தூக்கும் கூலியாளாக ஆரம்பித்தேன். இன்று என் வண்டிகள் விந்திய மலையைத் தாண்டிப் போய்த் துளை போடுகின்றன. இதை நானே சொல்லிக்கொள்கிறேனே என்று நினைக்காதீர்கள். சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் எனக்குப் போட்டிக்காரர்கள், அவர்கள் எங்கே சொல்லப் போகிறார்கள்?

அப்பேர்ப்பட்ட நான் வாயைப் பிளந்து நின்ற சங்கதி ஒன்று இருக்கிறது. அதுவும் தண்ணீர் விஷயம்தான். ஆனால் காகிதத்தில் ஓடிய தண்ணீர்.

குமாரபாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் போர் போடப் போயிருந்தேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பரம்பரையாகத் தறி ஓட்டிய குடும்பம், இப்போது பிள்ளைகள் பவர்லூம் வைத்திருக்கிறார்கள். போர் போடுகிற வீட்டுக்காரனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உசிரைக் கையில் பிடித்துக்கொண்டு குழிக்குப் பக்கத்திலேயே நிற்பான். புழுதி பறக்கப் பறக்க அவன் முகம் வெளுத்துக்கொண்டே போகும். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். நடு நடுவே சிரிப்பு வேறு.

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, கீழ என்ன நடக்குதுன்னு பாக்க மாட்டீங்களா?"

"அதப் பாக்கறதுக்குத்தானுங்களே உங்களுக்குக் கூலி. இங்க ஒரு பொண்ணு கெணத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டு நிக்கறா. அவளை நான் பாக்காம வேற யாருங்க தம்பி பாக்கறது?"

"எங்க, படிங்க பாக்கலாம்."

கம்ப்ரசர் ஓடும்போது காதில் இடி விழுந்தாலும் கேட்காது. ஒரு ராடு இறங்கி முடிந்து, அடுத்த ராடு மாட்டுகிற சின்ன இடைவெளியில்தான் சத்தம் குறையும். அந்த இடைவெளியில் அவர் படித்தார். ராடு மாட்டியதும் நிறுத்தினார். அடுத்த ராடுக்கு மறுபடி படித்தார். கிணற்றுக்குள் விழுந்த தன் குடத்தை எட்டிப் பார்க்கிற ஒரு பெண், தண்ணீரில் தன் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகத்தைப் பார்க்கிறாள். அந்த முகம் யாருடையது என்று தெரிவதற்குள் என் டிரில்லர் கத்தினான்.

"அண்ணா, ராடு மாட்டியாச்சு! ஓட்டட்டுங்களா?"

"இர்றா! அவ இன்னும் எட்டிப் பாத்துட்டுத்தான் நிக்கறா!"

வண்டியில் இருந்த பசங்க ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள். முதலாளிக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அடித்தது. தென்னை உயரத்துக்குச் சேறும் நீருமாகப் பீய்ச்சியது. அவர் சம்சாரம் தேங்காய் உடைத்தார், தெருவே கூடியது. நான் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "அப்பறம் என்னாச்சுங்கண்ணா?" என்று அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் தொழிலில் தண்ணீருக்கு நான் முதுகு காட்டி நின்றது அன்று ஒரு தடவைதான்.

அன்றைக்குப் பிடித்த சிநேகம். அவர் சின்னச் சின்னப் புத்தகமாகக் கொடுத்துப் படிக்க விட்டார். நான் எழுத்துக் கூட்டக் கற்றதே பாதி லாரிகளின் முதுகைப் பார்த்துத்தான். அதனால் என் படிப்பு, பாரம் ஏற்றிய வண்டி மலை ஏறுகிற மாதிரி முதல் கியரிலேயே போகும். ஆனால் நிற்காது. என் வண்டி எதுவும் நடு வழியில் நின்றதில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூட்டில் மூன்றாவது ஆள் என் மச்சினன், சம்சாரத்தின் தம்பி. நாமக்கல்லுக்குப் போகிற வழியில் கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். பண்ணைக் கொட்டகையில் ஸ்பீக்கர் கட்டி, கோழிகளுக்கு நாதஸ்வரம் போடுகிறவன் அவன். ஒரு நாள் போடவில்லை என்றால் கோழிகள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன என்று சத்தியம் செய்வான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேரும் அங்கே புங்க மரத்தடியில் கூடுவோம். சேலத்துக்குப் போய் வருகிறவர் யாராவது தட்டுவடை செட் வாங்கி வருவார். மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும். ஒருத்தர் படிப்பார், அப்புறம் அவன் ஸ்பீக்கரை எங்கள் பக்கம் திருப்புவான்.

எனக்கு முதலில் பாட்டு ஏறவே இல்லை. கம்ப்ரசருக்குப் பழகிய காது. மச்சினன் விடவில்லை.

"மாமா, கம்ப்ரசர் சத்தத்துல கல்லைக் கண்டுபிடிக்கறீங்கல்ல? இதுவும் அப்படித்தான். சித்தெ நேரம் வாயை மூடிட்டு உக்காந்து கேளுங்க."

"என்ற வாயை மூடறதுக்கு உங்கக்காளாலயே முடியலடா."

"கோழிக்குப் புடிபட்டது இந்தத் தம்பிக்குப் புடிபடலையே!" என்றார் நெசவாளர்.

எத்தனையோ ஞாயிறு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள், என்ன ராகமோ தெரியாது, வாசித்தவர் ஒரே மூச்சில் கீழே கீழே இறங்கிப் போனார். இறங்க இறங்க என் வயிற்றுக்குள் ராடு இறங்குகிற மாதிரி இருந்தது. இனிமேல் இடமில்லை என்கிற இடத்தில் தவில் சட்டென்று நின்றது. அந்த வெறுமைக்குள்ளிருந்து நாதஸ்வரம் குபுக்கென்று மேலே வந்தது பாருங்கள், நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"தண்ணி அடிச்சுருச்சுடா மாப்ளே!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அது எங்கள் பேச்சாகிவிட்டது. கதையிலோ பாட்டிலோ ஓர் இடம் நெஞ்சைப் பிடித்தால் "தண்ணி அடிச்சுருச்சு" என்போம். ஒரு ஞாயிறு அவர் கொடுத்த புத்தகத்தை முடித்த சந்தோஷத்தில் என் சம்சாரத்துக்கு ஃபோன் போட்டு, "நாங்க மூணு பேரும் இப்பத்தான் தண்ணி அடிச்சோம்" என்று சொல்லிவிட்டேன். அன்று வீட்டில் எனக்கு விழுந்த பூஜையைச் சொல்வதற்கில்லை. என் வாயை முகர்ந்து பார்த்த பிறகுதான் சோறு போட்டாள்.

இனிமேல்தான் விஷயம்.

போன கோடையில் நெசவாளர் சேலத்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். காவேரிக்கரை ஓடக்காரக் குடும்பம் ஒன்றின் கதை. வாலிப வயசில், தறிக்குழியில் கால் வைத்த காலத்தில், யாரிடமோ இரவல் வாங்கிப் படித்தாராம். அந்தப் பிரதியில் கடைசி மூன்றிலொரு பங்கு கிழிந்து போயிருந்தது. வெள்ளத்தில் ஓடக்காரன் மகள் தனியாக ஓடம் தள்ளிக்கொண்டு புறப்படுகிறாள், நடு ஆற்றுக்கு வருகிறாள். அதோடு சரி.

"அந்த ஓடம் இன்னைக்கு வரைக்கும் நடு ஆத்துலயே நிக்குதுங்க தம்பி. கரை சேந்தாளா, என்னானான்னு தெரியாமயே எனக்குக் கலியாணமாகிப் பேரன் பேத்தியும் எடுத்துட்டேன்."

"யாராவது படிச்சவங்களக் கேட்டிருக்கலாமுல்லங்க?" என்றான் மச்சினன்.

"கேட்டாச் சொல்லிப்போடுவாங்க. என்ற கண்ணால படிக்கோணும்."

கண்ணைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் குரல் மாறியது. கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறதாம். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், போனது திரும்பாது, மருந்து விட்டால் மெதுவாகப் போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருக்கிற பார்வையில் ஒரு புத்தகம் படிக்க வேண்டுமென்றால் அது இதுதான் என்று முடிவு செய்திருந்தார். அதையும் தனியாகப் படிக்க அவருக்கு மனசில்லை. மூன்று பேரும் சேர்ந்து போக வேண்டும், அந்தப் பெண்ணை நாம் எல்லாருமாகக் கரை சேர்க்க வேண்டும் என்றார். அன்று சாயங்காலம் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, எப்படிப் படிப்பது என்று ஒரு யோசனை பண்ணச் சொல்லிவிட்டுப் போனார்.

இருப்பதோ ஒரே பிரதி, ஆட்கள் மூன்று பேர். சங்ககிரியில் எந்த லாரிக்காரனைக் கேட்டாலும் சொல்வான்: ஒரு வண்டி தாங்காத லோடை மூன்று வண்டிக்குப் பிரி. நான் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்தேன். முதுகோடு சேர்த்து, ஒரு பக்கம் நசுங்காமல், மூன்று பாகமாக அறுத்தேன். வெட்டிய இடத்தில் கருப்பு டேப் ஒட்டினேன். அச்சாபீஸ்காரன்கூட அத்தனை சுத்தமாகச் செய்ய மாட்டான்.

அடுத்த ஞாயிறு பெருமையாக எடுத்து வைத்தேன். நெசவாளர் முகம் அப்படியே நின்றுவிட்டது.

"அறுத்துப் போட்டீங்களா?"

"லோடு பிரிச்சுட்டேனுங்கண்ணா. ஆளுக்கொரு பாகம், முடிக்க முடிக்க மாத்திக்கலாம்."

வெட்டிய ஓரத்தைத் துணியின் கரையைத் தடவிப் பார்க்கிற மாதிரி விரலால் தடவிக்கொண்டே இருந்தார். மச்சினன் மெதுவாக எழுந்து போய் நாதஸ்வரத்தை நிறுத்தினான். கோழிகள்கூடச் சத்தம் போடவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம். கடைசியில் அவர் மூன்றாவது பாகத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

"சரி, போகட்டும். இதை நீங்க வெச்சுக்கங்க. மொத ரெண்டையும் மறுபடி முழுசாப் படிச்சுட்டுத்தான் இதுக்கு வருவேன். நடுவுல ஆசைப்பட்டுக் கேட்டாலும் குடுத்துராதீங்க சாமி."

வீட்டில் வைத்தால் சம்சாரம் உதிரிக் காகிதம் என்று பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடுவாள். என் வாழ்க்கையில் தொலையக் கூடாத எதையும் நான் ஓர் இடத்தில்தான் வைப்பேன்: பெரிய ரிக் வண்டியின் கேபினில், ஆர்.சி.யும் பர்மிட்டும் இருக்கிற தகரப் பெட்டி. அங்கேயே வைத்துப் பூட்டினேன்.

அவர் மெதுவாகப் படித்தார். காலை வெளிச்சத்தில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. ஓரப் பார்வை போனதால் வரி தவறிக்கொண்டே இருந்தது. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சேலைக்கரையில் ஒரு துண்டை வெட்டிக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி, படிக்கிற வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டு போவார். மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு ஞாயிறு இரண்டாம் பாகத்தை மூடி வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"குடுங்க தம்பி. ஓடம் புறப்பட்டாச்சு."

வண்டி எடுத்துக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் பறந்தேன். யார்டில் பெரிய வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. மழை விட்டதும் நான்தான் அதை மத்தியப் பிரதேசத்துக்கு அனுப்பியிருந்தேன். ஆளுக்கு அரிசி, பருப்பு, டீசல், பிட்டு எல்லாம் சரிபார்த்து அனுப்பியவனுக்குப் பெட்டிக்குள் ஓடம் இருப்பது நினைவில்லை. அந்தக் கறையையே இரண்டு தடவை சுற்றி வந்தேன். நான் வழி தெரியாமல் சுற்றி நீங்கள் பார்த்திருக்க முடியாது. யாருமே பார்த்ததில்லை.

பண்ணைக்குத் திரும்பி வந்து இருவரிடமும் சொன்னேன். மச்சினன் தலையில் கை வைத்தான். நெசவாளர் எதிரிலேயே வண்டி டிரைவருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பர்மிட் பெட்டியில ஒரு புத்தகம் இருக்குதாடா?"

"கருப்பு டேப் ஒட்டுனதுங்களா? இருக்குதுங்கண்ணா. அதைத்தானுங்க நாங்க வேலை முடிஞ்சதும் வண்டி நெழல்ல உக்காந்து படிச்சுட்டிருக்கறோம். டிரில்லர் சத்தமாப் படிப்பான், மத்தவங்க கேப்போம். ஆனா முன்னாடி கதை என்னன்னே தெரியலைங்களே! அந்தப் புள்ள எதுக்குங்க வெள்ளத்துல ஓடத்தை எடுத்துட்டுப் போச்சு? நானும் இன்னொருத்தனும் முன்னாடியே கடேசிப் பக்கத்தைப் பாத்துட்டோம், அதுல என்னடான்னா அந்தப் புள்ள..."

"சொல்லாதே சாமி!" நெசவாளர் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினார். தட்டுவடைத் தட்டு கவிழ்ந்தது. "சொல்லிப்போடாதே! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

நான் ஃபோனை வாய்க்குக் கிட்டே இழுத்தேன்.

"இன்னைக்கே அடுத்த லாரியில அனுப்பி வைடா!"

"சரிங்கண்ணா. இன்னும் பாதிதானுங்க பாக்கி. பசங்களுக்குத்தான் சித்தெ..."

"பாக்கியெல்லாம் கெடக்கட்டும், அனுப்பு!"

நெசவாளர் என் கையைப் பிடித்தார். "படிச்சு முடிச்சுட்டே அனுப்பட்டும் தம்பி."

"உங்க கண்ணு என்ன நெலமையில இருக்குதுங்கண்ணா! வாரத்துக்கு வாரம் சேலைக்கரை கண்ணுக்குக் கிட்ட வந்துட்டே இருக்குது, நான் பாக்கலீன்னா நெனைக்கறீங்க?"

"இருக்கட்டும். நடுவுல புடுங்கிட்டா எப்படி இருக்கும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?"

ஆயுசு பூராவும் காத்திருந்த ஒன்று, கண்ணோ கரைந்துகொண்டிருக்கிறது, முகம் தெரியாத ரிக் பசங்களுக்காக இன்னும் காத்திருக்கிறேன் என்கிறார். பூமிக்குள் ஆயிரம் அடி பார்த்தவன் நான், ஒரு மனுசனுக்குள் இவ்வளவு ஆழம் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் மயிர்க்கூச்செடுக்கிறது. பண்ணையிலிருந்து ஃபோன் போடுவோம். நெசவாளர் அவர்களுக்கு முன்கதையைச் சொல்வார், சில பக்கங்களை நான் முதல் கியரில் படித்துக் காட்டுவேன். அங்கே, பாஷை தெரியாத ஏதோ ஒரு காட்டில், கம்ப்ரசரை நிறுத்திவிட்டு என் பசங்க மூச்சுக் காட்டாமல் கேட்பார்கள். முடிவு தெரிந்தவர்களுக்கு ஆரம்பம் தெரியாது, ஆரம்பம் தெரிந்தவருக்கு முடிவு தெரியாது. நடுவில் ஒரு செல்ஃபோன். கதை முடிந்ததும் டிரைவர் கேட்பான்: "அண்ணா, அந்தக் கோழிப் பாட்டு சித்தெ போடச் சொல்லுங்க." மச்சினன் ஃபோனை ஸ்பீக்கருக்கு நேராகப் பிடிப்பான். காவேரித் தண்ணி குடித்து வளர்ந்த நாதஸ்வரம் நர்மதை தாண்டிப் போகும். ஒரு தடவை அங்கிருந்து நாலைந்து குரல் ஒன்றாகக் கத்தின: "தண்ணி அடிச்சுருச்சுங்கோ!" நாங்கள் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ரிக் வண்டிக்காரனுக்கு வேறு எப்படிச் சொல்ல வரும்?

ஒரு வழியாகப் படித்து முடித்தார்கள். வெங்காய லோடு ஏற்றிவந்த ஒரு லாரியில், அந்த வண்டியின் பர்மிட் பெட்டிக்குள்ளேயே வைத்து, அனுப்பினார்கள். சங்ககிரி பைபாஸில் டீக்கடை ஓரம் நானே போய் நின்று வாங்கினேன். தார்ப்பாயைக் கிழித்துச் சுற்றி, கயிறு கட்டியிருந்தது. அவிழ்த்தால் பக்கத்துக்குப் பக்கம் கிரீஸ் விரல் ரேகை. புத்தகம் அழுக்காகிவிட்டதே என்று எனக்குச் சங்கடம். பண்ணையில் கையில் கொடுத்ததும் நெசவாளர் அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார்.

"நமக்கு முன்னாடி நாலு பேரு நடந்த தடம் தம்பி. வழி தவறாது."

இந்தப் பாகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படித்தார். கடைசிச் சில பக்கங்களுக்கு, ஒரு ஞாயிறு காலை வெளிச்சத்தில், புங்க மர நிழல் விழாத இடமாகப் பார்த்து நாற்காலி போட்டோம். சேலைக்கரையை வரிக்குக் கீழே வைத்தார். மச்சினன் ஸ்பீக்கரை நிறுத்தினான். நாங்கள் இருவரும் அந்த இடத்துக்கு இன்னும் வந்திருக்கவில்லை. மச்சினன் முதல் பாகத்தை முடித்திருந்தான், நான் இரண்டாம் பாகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தேன். அதனால் அவரைப் படிப்பதுதான் எங்கள் வேலை. கரை ஒரு வரி இறங்கும், நிற்கும். சில வரிகளில் திரும்ப மேலே ஏறி, தொலைந்த வார்த்தையைத் தேடும். மறுபடி இறங்கும். ராடு இறங்குவதை வாழ்க்கை முழுக்கப் பார்த்தவன் நான். ஒரு சேலைக்கரை இறங்குவதை அப்படி நெஞ்சு அடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோற்று வேளை தாண்டிவிட்டது. யாரும் சாப்பிடக் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தில் கரை நின்றது. அவர் அதை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். நேராக எங்களைப் பார்க்காமல், கொஞ்சம் தள்ளி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஃபோனைக் கேட்டு வாங்கி டிரைவரைக் கூப்பிடச் சொன்னார்.

"படிச்சுட்டேன் சாமி."

"அழுதீங்களாண்ணா?" என்றான் அவன், ஸ்பீக்கரில்.

"நீங்க?"

"படிச்சு முடிச்சதும் டிரில்லர் ரெண்டு நாளு யாருகூடவும் பேசலைங்க. ஆனா அந்தப் புள்ள கடேசியில அந்தத் துடுப்பை..."

"மாமா, காதைப் பொத்துங்க!" மச்சினன் என்னை இழுத்துக்கொண்டு ஓடினான். இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு கோழிக் கொட்டகை ஓரம் போய் நின்றோம். பேரன் எடுத்த இரண்டு கிழவர்கள், ஒரு கதை காதில் விழுந்துவிடுமோ என்று. கோழிகள் எங்களை முறைத்தன. அங்கிருந்து பார்த்தேன். மரத்தடியில் அந்த மனுசன் ஃபோனில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார், சிரிக்கிறார், துண்டால் முகத்தைத் துடைக்கிறார், மறுபடி சிரிக்கிறார். அவர் பேசிக்கொண்டிருந்த பசங்களில் ஒருத்தனைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை.

நான் அந்தப் புத்தகத்தை அறுத்தது தப்பு என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். அறுக்காமல் இருந்திருந்தால் அந்தக் காட்டுக்கு அது போயிருக்குமா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பேசி முடித்ததும் அவர் கையைத் தூக்கி எங்களைக் கூப்பிட்டார். காதிலிருந்து கையை எடுத்தேன்.

"தண்ணி அடிச்சுருச்சுங்க தம்பி!"

"எத்தனை ஆழத்துலங்கண்ணா?" என்று கத்தினேன்.

"கடேசி ராடுல!"